மதுரையில் முதல் வீடு: சுவரைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி இது: கணவன், மனைவி இருவரும் மதுரையில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 80,000 ரூபாய், சேமிப்பு 14 லட்சம், வேறு கடன் இல்லை. ஊமச்சிகுளம் பக்கம் மூன்று சென்டில் கட்டி விற்கிற புது வீடு ஒன்று 45 லட்சத்துக்கு வந்திருக்கிறது. அண்ணா நகர்ப் பக்கம் ஏறக்குறைய அதே விலைக்குப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம், என்னென்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் முதலில் டைல்ஸ், மாடுலர் கிச்சன் பார்க்கிறார்கள், பிறகு விலை பேசுகிறார்கள், அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் பணக் கணக்கு, அடுத்து மண்ணும் தண்ணீரும், அடுத்து பத்திரம், கடைசியில்தான் கட்டடம். சுவரில் விரிசல் என்றால் கொத்தனாரைக் கூப்பிடலாம். வீடே கண்மாய்க்குள் இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

பணக் கணக்கிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதமும் வங்கி தரலாம். இந்த "மதிப்பு" நீங்கள் பேசிய விலை அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதித் தருவது. 45 லட்சம் வீட்டை அவர் 42 என்று எழுதினால் கடன் 33.6 லட்சம்தான். மீதி 11.4 லட்சத்தை நீங்கள் போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 4.05 லட்சம். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. பதிவு, வக்கீல், சர்வேயர், பத்திரம் எழுதும் கூலி எல்லாம் முக்கால் லட்சத்தைத் தொடும். ஆக 16 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும், உங்களிடம் இருப்பது 14. நகையை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் முதல் மாதத்திலேயே இரண்டு கடன்.

40 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். கடன் 32, கையிலிருந்து 8, பதிவுக்கு 3.6, இதர செலவு 0.75. மொத்தம் 12.35 லட்சம் போக 1.65 லட்சம் மிச்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணையில் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் என்றால் 32 லட்சத்துக்கு 27,770 ரூபாய். மிச்சப் பணம் ஆறு மாதத் தவணைக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒருவர் வேலை நின்றாலும் மற்றவர் சம்பளத்தில் கஷ்டப்பட்டாவது ஓட்டிவிடலாம். அதனால் உங்கள் எல்லை 40 லட்சம். 45 சொல்கிறவரிடம் 40-க்குப் பேசிப் பாருங்கள், இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். வட்டி மாறுகிற வகைக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள்.

ஒரு இடைச்செருகல். "அரசு வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துகொள்வோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், பதிவுச் செலவு மிச்சம்" என்று புரோக்கர் சொல்வார். பதிவில் காட்டுகிற தொகையை வைத்துத்தான் வங்கி கடன் தரும், எனவே உங்கள் ரொக்கச் சுமை கூடும். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், வரி உங்கள் தலையில் விழும். மிச்சம் விற்பவருக்குத்தான்.

இனி மண். மதுரை கண்மாய்களால் ஆன ஊர். வைகைத் தண்ணீர் ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலி அமைப்பு இங்கே பல நூற்றாண்டுகளாக இருந்தது. அந்தச் சங்கிலியின் மேல்தான் இன்று பல நகர்கள் நிற்கின்றன. பீபிகுளம், ஆத்திகுளம், மாடக்குளம், உலகனேரி என்று குளம், ஏந்தல், ஏரி, ஊருணி என முடிகிற பெயர் எதிர்ப்பட்டால் ஒரு கணம் நில்லுங்கள். பெயர் இருப்பதாலேயே இடம் கெட்டது என்று அர்த்தமில்லை. கரை எங்கே, கலுங்கு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடிக் கால்வாயும் நிரம்பிச் சுற்றுத் தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அது திடீரென்று புதிதாகப் பிறந்த பள்ளம் அல்ல, தண்ணீர் தன் பழைய வழியில்தான் போனது.

பார்க்கும் முறை எளிது. கிராம வரைபடத்திலும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்திலும் உங்கள் மனையைச் சுற்றி வாய்க்கால், ஓடை, கண்மாய் எது இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்த மறுநாள் காலை நேரில் போய் நில்லுங்கள். மழைக்காலம் வரை பொறுக்க முடியாது என்றால் தெருவில் பத்து வருடமாகக் குடியிருப்பவரிடமும் முனையில் உள்ள டீக்கடைக்காரரிடமும் "போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள். "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "எதுவரைக்கும்?" என்றால் கையை வைத்துக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, அடியில் பெயர்ந்த பூச்சு, இவையும் பேசும். தரைமட்டம் சாலையின் நடுமேட்டைவிடக் குறைந்தது ஒன்றரை அடி உயரமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது சில அங்குலம் ஏறும், வீடு ஏறாது.

மண் வகையும் முக்கியம். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும். அங்கே சாதாரணக் கல் கட்டு அஸ்திவாரத்தில் எழுப்பிய வீடு இரண்டாவது வருடமே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிக்கும். கரிசலில் தூண் போட்டுத் தரைமட்டத்தில் கான்கிரீட் பெல்ட் சுற்றிலும் கட்டியிருக்க வேண்டும், அல்லது பைல் அஸ்திவாரம் வேண்டும். வண்டல் கொட்டி மேடாக்கிய இடத்திலும் இதே கதைதான், நிரப்பிய மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரை வரை தோண்டினார்களா என்று கேளுங்கள். கட்டும்போது எடுத்த போட்டோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காகக் கட்டியவரின் போனில் அது இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் "போர் போட்டிருக்கு சார்" என்பதோடு திருப்தி அடையாதீர்கள். எத்தனை அடி, எத்தனை அடியில் மோட்டார் இறக்கியிருக்கிறது, மே மாதத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடுகிறது என்று கேளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், கையோடு கொண்டுபோங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை ஏற்புடையது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை எல்லை. 1,500-க்கு மேல் இருந்தால் குழாய், ஹீட்டர், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் வெள்ளை பூக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். மாநகராட்சி 2011-ல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் எந்தத் தெருவில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்தன என்பதைத் தெருத்தெருவாகத்தான் விசாரிக்க வேண்டும். "இந்தப் பக்கம் வந்துருச்சு" என்றால் அந்த வீட்டு வாசலில் இணைப்புத் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஊமச்சிகுளம் போன்ற ஊராட்சிப் பகுதிகளில் செப்டிக் டேங்க்தான். அதற்கும் போருக்கும் 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். மூன்று சென்டில் அது நடக்காத காரியம், பக்கத்து வீட்டுத் தொட்டியும் உங்கள் போருக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே தண்ணீரை ஆய்வகத்தில் கிருமிச் சோதனை செய்யாமல் குடிக்காதீர்கள்.

அடுத்து பத்திரம். இங்கே சற்று நிதானமாக வாருங்கள், பணம் போவது இங்கேதான்.

மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் அதாவது டி.டி.சி.பி.யின் அனுமதி எண்ணும் வரைபடமும் வேண்டும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிய தடை விதித்தது. அதன் பிறகு 2016 அக்டோபர் 20-ஐக் கெடு நாளாக வைத்து, பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை காட்டினால் இரண்டைச் சரிபாருங்கள்: ஆணை உங்கள் மனை எண்ணுக்கே தனியாக வந்ததா, அல்லது மொத்த மனைப்பிரிவுக்கு மட்டுமா? ஆணையிலுள்ள மனை எண்ணும் பரப்பும் கிரயப் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா?

மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை குறைந்தது 30 வருடச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். வில்லங்கச் சான்றை, அதாவது இசியை, பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பலர் தவறுவது சர்வே எண்ணில். இன்றைய எண் 112/3பி என்றால் உட்பிரிவு ஆவதற்கு முன் அது 112/3 ஆக இருந்திருக்கும், அதற்கு முன் வெறும் 112 ஆகவும் இருந்திருக்கலாம். மூன்றுக்கும் தனித்தனியாக இசி போட வேண்டும். மாநகராட்சிக்குள் நகர அளவை எண் வந்திருந்தால் பழைய கிராம சர்வே எண்ணுக்கும் போடுங்கள். இசியில் எல்லாம் வராது என்பதையும் மறக்காதீர்கள். பதிவு செய்யாத உயில், வழக்கு, பதியாமல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன், இவை அதில் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸை மட்டும் காட்டி "அசல் ஊரில் இருக்கு" என்றால் அது ஏதோ ஒரு வங்கியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கிடையாது.

குடும்பச் சொத்து என்றால் வாரிசுச் சான்றை வாங்கிப் பெயர் பெயராக எண்ணுங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்குள் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை வந்தது. 2005-ன் மத்தியத் திருத்தம் திருமணமானவர்களுக்கும் அதை விரித்தது. "அக்காவுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்பது சட்டப்படி விடுதலைப் பத்திரம் ஆகாது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர் பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரம் வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். பவர் வைத்து விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்யாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். பவர் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்றைப் பதிவின்போது சார்பதிவாளரே கேட்பார்.

பட்டாவோடு 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். நிலம் தனியார் பெயரிலா, அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமா என்பது அங்கே தெரியும். மதுரையைச் சுற்றிக் கோயில் நிலங்கள் நிறைய, அதில் கட்டிய வீட்டுக்கு வரி ரசீதும் கரண்ட் கார்டும் இருக்கும், உரிமை மட்டும் இருக்காது. பஞ்சமி நிலமும் அப்படித்தான், பட்டியல் சமூகத்தவர் அல்லாதவருக்கு அதன் கிரயம் செல்லாது. அளவில் குழம்ப வேண்டாம்: மூன்று சென்ட் என்பது 1,306.8 சதுர அடி, பட்டா கணக்கில் சுமார் 1.21 ஏர். பத்திரம், பட்டா, தரை மூன்றிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து நான்கு பக்கமும் அளந்த பிறகே அட்வான்ஸ்.

சுருக்கமாக இடம் சார்ந்த தடைகள் மூன்று. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரம் கட்ட முடியாது. ஆகவே மாசி வீதிப் பக்கம் பழைய வீட்டை வாங்கி மாடி ஏற்றும் கனவு இருந்தால் முதலில் அளந்து பாருங்கள், அங்கே பொதுச்சுவர் உரிமையும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கீழக்குயில்குடிச் சமணமலை போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி இல்லை, அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் விமான நிலையத்துக்கான நில எடுப்பு அறிவிக்கையில் சர்வே எண் வருகிறதா, உயரக் கட்டுப்பாடு எவ்வளவு என்று பாருங்கள்.

இப்போது கட்டடம். மூன்று சென்டில் கட்டி விற்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது, தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடியும் சேர்த்துக் கட்டிவிடுவது. அனுமதி வாங்கிய பரப்பை மட்டும்தான் வங்கி மதிப்பிடும், கடன் அங்கே குறையும். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக, பக்க இடைவெளி உட்பட ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரிசலைக் கண்டு எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் வலை மாதிரி மெல்லியதாக ஓடுவது சரியாக நீராற்றாததால் வருவது, பெயிண்ட் செலவோடு போகும். மேல்தளத்துக்கு அடியில் சுவரின் நெடுக படுக்கையாக ஓடுவது மதுரை வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. தட்டோடு ஒழுங்காகப் பதித்தால் மட்டுப்படும். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஓடினால் அங்கே கம்பி வலை வைத்துப் பூசவில்லை. ஜன்னல், கதவு மூலையிலிருந்து 45 டிகிரியில் சாய்வாக ஓடி, ஒரு நாணயம் நுழையும் அளவு அகலமாக இருந்தால் அஸ்திவாரம் இறங்குகிறது. அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தளத்தின் அடியில் துருக்கறை தெரிந்தால் கம்பிக்குப் போதிய கான்கிரீட் மூடாக்கு இல்லை, அதுவும் விடவேண்டிய வீடு. கான்கிரீட்டுக்கு நம் ஊர் வெயிலில் 14 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அவசரமாக விற்கிற வீட்டில் பலிகொடுப்பது அதைத்தான், அதைக் கட்டி முடித்த வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. அதே பில்டர் பக்கத்துத் தெருவில் பாதி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் போய்ப் பாருங்கள்.

பாத்ரூமில் ஓட்டையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்து அந்தத் தளத்தின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். மொட்டை மாடியில் வாளி வாளியாக ஊற்றி, தண்ணீர் குழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் தேங்குகிறதா பாருங்கள். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள், டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை. மீட்டர் பாக்ஸில் எர்த், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி இரண்டும் இருக்க வேண்டும். படுக்கையறை மேற்குச் சுவரில் இருந்தால் ஒரு மே மாத மாலை ஐந்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

அண்ணா நகர் அடுக்குமாடியில் கேள்வி வேறு. விலை பெரும்பாலும் நிலத்துக்குத்தான். 10 சென்டில் 12 வீடு என்றால் ஒரு வீட்டுக்குப் பிரிக்கப்படாத பங்கு 363 சதுர அடி. பத்திரத்தில் அது எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா, 12 பங்கும் கூட்டினால் மொத்த நிலம் வருகிறதா என்று பாருங்கள். சில கட்டடங்களில் கூட்டினால் நிலத்தைவிட அதிகமாக வரும். சங்கத்தின் கணக்கு, லிஃப்ட் நிலை, நிலுவை, மோட்டார், எல்லாம் கேளுங்கள். பழைய வீட்டுக்குப் பதிவுச் செலவு 9 சதவீதம்தான். புது அடுக்குமாடி வீட்டை முதல் முறையாக வாங்கும்போது, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் கூடும். 45 லட்சத்துக்குள், 90 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள் இருந்தால் 1 சதவீதம்தான். எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள திட்டம் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர்கள் வாங்க முடியாது. ஒப்படைத்த பின் 5 வருடத்துக்குள் கட்டுமானக் கோளாறு வந்தால் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

என் அபிப்பிராயம் கேட்டால்: இரண்டு வீட்டிலும் பத்திரம் சுத்தமாக இருந்து விலையும் உங்கள் எல்லைக்கு இறங்கினால், ஊமச்சிகுளத்துத் தனி வீடுதான். மனை உங்களுடையது, பின்னால் அனுமதி வாங்கி மாடி கட்டலாம், நத்தம் சாலை மேம்பாலம் 2023-ல் திறந்தபின் ஊருக்குள் வரும் நேரமும் குறைந்திருக்கிறது. ஆனால் இருவரும் அண்ணா நகரில் வேலை பார்த்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்றால் என் பதில் மாறும். எதுவானாலும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து அலுவலகத்துக்கு வண்டியில் போய்ப் பாருங்கள்.

முடிவு செய்துவிட்டால் அட்வான்ஸ் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், வங்கி வழியாகக் கொடுங்கள், கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். அதில் மூன்று வாக்கியம் கட்டாயம்: வங்கிச் சட்ட ஆய்வில் கடன் மறுக்கப்பட்டால் முழுப் பணமும் இத்தனை நாளில் திரும்ப வரும். வரி, கரண்ட், பழைய கடன் பாக்கி எல்லாம் பதிவுக்கு முன் விற்பவர் தீர்ப்பார். அளவு குறைந்தால் விலையும் குறையும். வங்கி வக்கீலின் சட்டக் கருத்தோடு நிற்காதீர்கள், அவர் பார்ப்பது வங்கிப் பணத்தை. உங்களுக்கு வேறு வக்கீல் வேண்டும்.

பதிவு முடிந்த கையோடு பட்டா மாற்றம். உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் வந்து அளந்த பிறகுதான் வரும், கேட்டுக்கொண்டே இருங்கள். சொத்து வரி, குடிநீர், கரண்ட் கார்டு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். பதிவான ஒரு மாதத்தில் நீங்களே ஒரு இசி போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர், மனை எண், நான்கெல்லை எழுத்துப் பிழையில்லாமல் ஏறியிருக்க வேண்டும். பிழை இருந்தால் விற்றவர் பக்கத்தில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள். அவர் வெளியூர் போய்விட்டால் அந்த ஒரு கையெழுத்துக்கு வருடக்கணக்காகும்.